எமிலின் பெயருக்கு நேரே

– இன்னொருக்கா வாசியுங்கோ மாஸ்ரர். எமில் எண்ட பேருக்கு நேரை என்ன கிடக்கு?

– அதே இங்கிலிசுச் சொல்லுத்தான் பெற்றிசியா. லெஃப்ற். வேறை ஒண்டும் எழுதேல்லை.

– அப்ப போயிட்டார் எண்டுதானே அர்த்தம்? சுவேதினி அப்பிடித்தான் வாசிச்சவள். அப்பா ஆசுபத்திரியை விட்டு வெளிக்கிட்டுப் போயிருக்கிறாராம்.

– மகள் வாசிச்சது பிழையில்லை. ஆனால் பாருங்கோ, இது ஒரு பொல்லாத சொல்லு. வெளிக்கிட்டுப் போனவனுக்கும் இதுதான். போக ஏலாமல் மிஞ்சிக் கிடந்தவனுக்கும் இதுதான்.

– போனதுக்கும் கிடந்ததுக்கும் ஒரே சொல்லோ?

– ஓம். இடது பக்கத்துக்கும் அதுதான். எமிலுக்கு எந்தக் காலிலை காயம்?

– வலது கால். முழங்காலுக்குக் கீழை செல்லடியிலை பட்ட பீஸ்.

– அப்ப அது இல்லை. திகதி, ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை இருபது. சனமெல்லாம் சண்டைக்குள்ளாலை கடல்நீரேரியைக் கடந்து ஆமிப் பக்கம் போன நாளெல்லோ?

– ஓம். கழுத்தளவு தண்ணி.

– இந்த ஆசுபத்திரி லிஸ்ற் எப்பிடி உங்களிட்டை வந்தது?

– ஃபாதர் எங்கையோ தேடிப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தவர். பதிவுக் கந்தோரிலை, செத்தவரோ காணாமல் போனவரோ, ஒண்டைப் போடச் சொல்லுகினம். செத்தவர் எண்டு போட மகள் விடுறாள் இல்லை. ஆவணிக்கு ஆவணி மடு மாதா கோயில் திருநாளிலை தேப்பன்ரை படத்தைக் காட்டிக் காட்டிச் சனத்தைக் கேட்டுத் திரியிறாள்.

– அண்டைக்கு மகளும் ஆசுபத்திரியிலையோ?

– இல்லை. அவள் சித்தியோடை பங்கருக்குள்ளை. நான் தனியத்தான் போய்ப் பாத்தனான். ஆசுபத்திரியாக்கின பள்ளிக்கூடத்திலை ஒரு வாங்குக்குக் கீழை படுத்திருந்தவர். தண்ணி கேட்டவர்.

– பிள்ளை, நான் ஒளிக்காமல் சொல்லுறன். நடக்க ஏலாத மனுசன். தூக்க ஆளில்லை. அங்கை விடப்பட்டவர் எண்டதுதான் இதுக்கு அர்த்தம். மகளைக் கூப்பிடுங்கோ, நானே பக்குவமாய்ச் சொல்லுறன்.

– வேண்டாம் மாஸ்ரர்.

– எத்தினை வரியத்துக்கு அந்தப் பிள்ளையை இப்பிடி அலைய விடப்போறியள்?

– மகளுக்குக் காட்ட, போனவர் எண்டே தமிழிலை எழுதித் தாங்கோ.

– அது பொய்யெல்லோ?

– இருக்கட்டும். 'பெற்றி, பெற்றி' எண்டு கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் அவரை விட்டிட்டு வந்தது நான்தான் எண்டு என்ரை பிள்ளைக்குத் தெரியாது.