மிஸுஹோவின் செருப்பு

சுகுபாவில் குளிர்காலம் வந்தால் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்று ஷாக் அடிக்கும், டாக்டர். காற்றில் ஈரமே இருக்காது. அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

என் மனைவி மிஸுஹோ பெற்ற பிள்ளையைத் தொடவே ஏன் பயந்தாள் என்று கேட்டீர்கள். அவள் ஆய்வகத்தில் எனக்கு இளையவள். படிகத்தில் டேப்பை ஒட்டி உரித்து உரித்து, கண்ணுக்கே தட்டுப்படாத மெல்லிய ஏடு எடுப்போம். அதன்மேல் மின்புலம் செலுத்தினால் அது ஒளிரும் நிறமே மாறும். அவள் ஏடு மாதிரி எனக்கு ஒன்றுகூட அமைந்ததில்லை. "டாடோகொரோ, அந்தப் பொண்ணு கையைப் பார்த்துக் கத்துக்கய்யா" என்றார் பேராசிரியர், எல்லோர் முன்னாலும். வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அளவான மின்சாரம்தான் அந்த ஏட்டுக்கு உயிர். நம் உடம்பில் தேங்கும் மின்சாரமோ அதற்கு எமன். அதனால் வாசலிலேயே செருப்பை மாற்றிக்கொள்வோம். ஆய்வகச் செருப்பு உடம்பின் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கும், அடுத்தவர் செருப்பில் யாரும் கால் நுழைக்க மாட்டார்கள். அவற்றைச் சோதித்து வைப்பது என் பொறுப்பு. மிஸுஹோவின் செருப்பில் மட்டும் உள்துணியைத் தூக்கி, ஏடு உரிக்கும் அதே டேப்பை ஒட்டினேன், அது மின்சாரத்தைக் கடத்தாது.

அதன்பின் அவள் தொட்டதெல்லாம் கருகியது.

"செருப்பு சரியா இருக்கா, டாடோகொரோ சான்?" என்று அவளும் ஒருநாள் கேட்டாள்.

"நானே சோதிச்சேம்மா. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மூத்தவன் சொன்னால் எங்களிடம் மறுபேச்சு கிடையாது. அப்புறம் அவள் தன் கையைத்தான் சந்தேகித்தாள். "என் கை பட்டா எதுவும் விளங்காது" என்று அழுதாள். ஆறுதல் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். படிப்பை விட்டாள், என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் தொடங்கிய ஆராய்ச்சியை என் பெயரில் நான்தான் முடித்தேன். பாதியில் விட்டால் பாவம் இல்லையா?

மகள் நாகி பிறந்ததும் மிஸுஹோ கொஞ்சம் தேறினாள். சிரிக்கக்கூடச் செய்தாள். நான் வீடு முழுக்கக் கம்பளம் விரித்தேன், பிளாஸ்டிக் அடி வைத்த கம்பளிச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் தூக்கப் போனால் பொறி தெறிக்கும், குழந்தை வீறிடும். நான் முதலில் தண்ணீர்க் குழாயைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் தூக்குவேன். அவள் இயற்பியல் படித்தவள்தான், குழாயைத் தொட அவளுக்கும் தெரியும். ஆனால் தன் கையே சாபம் என்று நம்பிவிட்டவளுக்குப் படித்தது எங்கே ஞாபகம் வரும்?

நான் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, டாக்டர். விசாரித்துப் பாருங்கள்.

இங்கே வந்து சேர்ந்தபின் அவள் வெறுங்காலோடு நடக்கிறாளாம், நாகி அவள் மடியிலேயே தூங்குகிறாளாம், நர்ஸ் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உங்கள் தரை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறதே, பிள்ளை பெற்ற உடம்பு தாங்குமா? இந்தப் பையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவளுடைய கம்பளிச் செருப்பைக் கொண்டுவந்திருக்கிறேன்.