ஒரு வேர்டு போதும்

…தெறக்குது, மூடிக்குது! பாத்தியா கௌதம் தம்பி, உங் கண்ணு முன்னாடியே! வேர்டை அமுக்குனா வெள்ளையா ஒரு மின்னல், அப்புறம் ஒண்ணுமில்ல. எல்லாம் அந்த சர்வீஸ் பிரேம்குமார் வேல. போன வாரம் கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல தூசி ஊதுறேன்னு என்னத்தையோ நோண்டிட்டுப் போயிட்டான்!

கடிகாரத்தப் பாக்காதப்பா. ஒன்றரைக்குத்தான கம்பெனி பஸ்சு? லெட்டரு இன்னிக்கே மேனேஜர் கைக்குப் போவலன்னா நாளான்னிக்கு உங் கல்யாணத்துக்கே உனக்கு லீவு இல்ல… தெரியுது தெரியுது. காலையில நீ சொல்லச் சொல்ல அடிச்சதே இந்த ஆரோக்கியசெல்விதான? நடுவுல ஒரு அம்மா ஆதார் பிரிண்ட்டு கேட்டாங்கன்னு உன் லெட்டரை மினிமைஸ் பண்ணி கீழ தள்ளி வச்சேன். சேவ் பண்ணலியான்னு மட்டும் கேக்காத!

முன்னெல்லாம் இப்பிடி இல்லப்பா. எனக்குக் கை நிக்காது, நாலு தடவ அமுக்கிருவேன். ரெண்டு வேர்டு தெறந்துக்கும். ஒண்ணுல திருத்துவேன், இன்னொண்ணுலேருந்து பிரிண்ட்டு போவும். அப்பிடித்தான் சிப்காட்டுல வேல பாக்குற பூங்கொடி கல்யாண லீவு கேட்டா, முந்துன நாளு எவருக்கோ அடிச்ச கருமாதி லெட்டரைக் குடுத்தனுப்பிட்டேன். மேனேஜரு அவகிட்ட துக்கம் விசாரிச்சிருக்காரு! அவ வந்து இதே சேர்ல உக்காந்து அழுவுறா.

அன்னிக்கே யூடியூபப் பாத்து நானே வேர்டுக்குள்ள மேக்ரோன்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டேன். ஏற்கெனவே ஒரு வேர்டு ஓடுதுன்னா, புதுசா வர்றது தன்னால மூடிக்கும். எப்பிடி! பழசை முன்னால கொண்டாந்து காட்டுன்னு இன்னொரு வரியும் இருந்துச்சு. பழசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்னு அத அழிச்சிட்டேன்…

அப்ப… இப்ப புதுசு மூடிக்குதுன்னா… பழசு எங்கியோ ஓடுதா? எங்க? ஸ்கிரீன்ல எதுவுமே காணமே!

இரு. இந்த வசன அட்டை. பொறுமையப் பத்தி, சர்ச்சுல குடுத்தாங்க. கண்ணுல படட்டும்னு ஸ்கிரீனுக்குக் கீழ்ப்பக்கம் நாந்தான் ஒட்டுனேன். கீழ தள்ளுன வேர்டெல்லாம் இதுக்குப் பின்னாலதான நிக்கும்… பிய்ச்சிர்றேன்… அய்யோ ஏசப்பா! இந்தா இருக்குப்பா உங் கல்யாண லீவு, ஒரு எழுத்து கொறையாம! பாவம், பிரேம்குமாரப் போயி திட்டிட்டேனே.

பிரிண்ட்டு வருது, புடி. தம்பி? கௌதமு?

யோவ், எதுத்த டீக்கடையில குந்திக்கிட்டு என்ன பண்ற? வெள்ளப் பேப்பர்ல கையால எழுதி, கையெழுத்தே போட்டுட்டியா! அடப்பாவி… சரி, பஸ்சு வந்துருச்சு, ஓடு ஓடு!

டேய், அது எம் பேனாடா!