துப்பாக்கிக் குதிரையில் ஏழு வரி

மேடையில் வீற்றிருக்கும் எய்பார் நகரப் பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்துப் பெரியோர்களே! மறைந்த நம் தலைவரின் துணைவியார் இட்சியார் அம்மையார் அவர்களே! கண்ணீரோடு அமர்ந்திருக்கும் தோழர்களே!

இந்த அன்செல்மோவுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் நினைக்கிறீர்கள். நியாயம்தான். பதினொரு ஆண்டுகளாக நான் இந்தப் படியை மிதிக்கவில்லை. அதற்குக் காரணம் நம் தலைவர் கோல்டோ அராம்புரு அவர்கள்தான்! ஆண்டு விருந்தில் காட் மீனைத் தானே சமைத்து, உப்பு மட்டும் என்னைப் பார்க்கச் சொன்ன அதே கோல்டோ!

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அன்று நம் சங்கத்தின் கண்காட்சி. என் கைத்துப்பாக்கியை மேசையில் வைத்தேன். கட்டைவிரலால் இழுக்கும் குதிரையின் தலையில் அரத்தால் கீறிய வரிகள் இருக்குமே, அவற்றைக் கோல்டோ பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார்.

"அன்செல்மோ, இதுல ஏழுதான்டா இருக்கு. அந்தப் பட்டறை உருப்படி எல்லாத்துலயும் ஒன்பது வரி. எவனோ குதிரைய மாத்திட்டான்."

எவனோ என்றுதான் சொன்னார். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்!

அதன் பிறகு அவர் தூங்கினாரா? இல்லை என்கிறார் இட்சியார் அம்மையார். ஊர் ஊராகப் போய் அதே பட்டறையின் நானூற்றுப் பன்னிரண்டு துப்பாக்கிகளை எண்ணினாராம். கண் மங்கிய பிறகு நகத்தால் தடவி எண்ணினாராம்! எதற்காக? யாருக்காக?

போன பிப்ரவரியில், கொட்டும் மழையில், என் கதவைத் தட்டினார்.

"அன்செல்மோ, ஒரு வார்த்தை சொல்லணும். தொறடா."

"இங்க எண்ணுறதுக்கு ஒண்ணுமில்ல. கெளம்பு!" என்றேன் உள்ளிருந்தே.

கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். பாவி நான், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று அம்மையார் அவருடைய குறிப்பேட்டைக் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன், கேளுங்கள்: "ஏழு வரியில் இன்னும் மூன்று கிடைத்தன. அன்செல்மோவுடையதோடு நான்கும் அடுத்தடுத்த வரிசை எண்கள். பட்டறை வேலையை வீட்டுக்கு வாங்கி, சமையலறையில் அராவிய ஒரு பெண்ணின் கைவழக்கம் அது. அன்செல்மோவின் துப்பாக்கி அசல். தவறு என்னுடையது. இதைச் சங்கத்தில் நானே எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும்."

தோழர்களே! அந்தப் பட்டறைத் துப்பாக்கிகளில் அவர் பார்க்காமல் விட்டவை இன்னும் முப்பத்தொன்று இருப்பதாக இந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் போய்ப் பார்ப்பேன். எந்த மனிதனையும் ஒரு வரி குறைந்ததற்காகத் தலைகுனிய வைக்க மாட்டேன். இது அவர் பெயரால் நான் செய்யும் சத்தியம்!

ஆனால் நனைந்துகொண்டு அவர் கேட்க வந்த மன்னிப்பை, நான் இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?