பச்சைப் புள்ளி

வரமாட்டேன்னு சொல்லிட்டேன்ல? திரும்பத் திரும்ப அதையே கேட்டா எப்படி தம்பி? கீழ விழாவுக்கு வந்த விருந்தாளிங்க காத்துட்டிருந்தா காத்துட்டிருக்கட்டும். உங்க சார் அனுப்பினார்னு தெரியுது. உங்களுக்குத்தான் அவர் சார், எனக்கு வீட்டுக்காரர். வேணும்னா அவரே மேல வரணும், கம்ப்யூட்டர் பாக்கிற ஆளைத் தூது அனுப்பக் கூடாது.

உக்காருங்க. அந்த ஸ்டூல்ல இல்ல, ஸ்லைடெல்லாம் பரப்பியிருக்கேன், இதுல.

கேன்சர் கண்டுபிடிக்கிற மிஷினுக்கு ப்ரோக்ராம் எழுதினது நீங்கதானே? உங்க மேல கோவம் இல்ல. குடுத்ததைத்தானே அது படிக்கும். நாம என்ன குடுத்தோம்? இந்த அலமாரில இருக்கிற பழைய ஸ்லைடை அள்ளிக் குடுத்தோம். குடல்லேருந்து கிள்ளின சதையை மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, கண்ணாடில ஒட்டினது. ஒவ்வொண்ணையும் நான் மைக்ராஸ்கோப்ல பாத்து, கேன்சர் இருந்தா அந்த எடத்துக்கு மேல கண்ணாடில பச்சைப் பேனாவால ஒரு புள்ளி வெப்பேன். மறுபடி பாக்கணும்னா தேட வேண்டாமேன்னு. அந்தப் புள்ளியோடயே ஸ்கேன் பண்ணித் தள்ளிட்டாங்க. தொடைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

என்ன, முகம் மாறுது? ஆமா, அதேதான். அது கேன்சரைக் கத்துக்கல தம்பி, என் பேனாவைக் கத்துக்கிட்டிருக்கு.

பரிட்சை வெச்சீங்க, சரி. எந்த ஸ்லைடை வெச்சு? அதே அலமாரி, அதே புள்ளி. பாஸாகாம என்ன பண்ணும்? அதைப் பெருசா அச்சடிச்சு வாசல்ல வேற ஒட்டியிருக்கீங்க.

நம்பலைன்னா இதைப் பாருங்க. இது கேன்சர் ஸ்லைடு, சந்தேகமே இல்லாதது. காலைல ஸ்பிரிட்டு பஞ்சால புள்ளியைத் தொடைச்சுட்டுத் திரும்ப ஸ்கேனர்ல வெச்சேன். ஒண்ணுமில்லைங்குது. இந்தா, இது நல்ல குடல். சும்மா ஒரு பச்சைப் புள்ளி வெச்சேன். கேன்சர்னு அடிச்சு சொல்லுது. இதைத்தான் நாளைலேருந்து ஊர் ஊரா ஆஸ்பத்திரி தலைல கட்டப் போறீங்க. அங்கெல்லாம் மைக்ராஸ்கோப்ல பாக்க டாக்டரே இல்லாமத்தானே மிஷினைக் கேக்குறாங்க? அங்க பச்சைப் பேனா ஏது?

அவர்கிட்ட சொல்லாம இருப்பேனா? காலைல வாயைத் தொறந்தேன். விழா முடியட்டும், சண்டையை சாயந்திரம் வெச்சுக்கலாம்னார். மிஷின் வந்தா எனக்கு வேலை இல்லாமப் போயிடும்னு எனக்கு வயித்தெரிச்சலாம். போன வாரம் நாலு பேர் முன்னால சொல்லிச் சிரிக்கிறார். பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, புதன்கிழமை ஒரு புது ஸ்லைடு. என் மேஜைக்கு வராம நேரா ஸ்கேனருக்குப் போயிடுச்சு. புள்ளி இல்ல. மிஷின் ஒண்ணுமில்லன்னுடுச்சு. நேத்து ட்ரேல கெடந்துச்சு, எடுத்துப் பாத்தேன். வரிசையா நிக்க வேண்டிய செல்லெல்லாம் கண்டபடி கலைஞ்சு கெடக்கு. கேன்சர்தான், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்ககூட தப்பு விடமாட்டாங்க அதுல.

யாரோட ஸ்லைடா?

ஒரு மாசமா வயித்து வலி, கேஸ் கேஸ்னு மாத்திரையா முழுங்கிட்டிருந்தார். கேமரா விட்டு சதை எடுத்தாங்க. நான் பாத்தா பயந்துடுவேன்னு, எனக்குத் தெரியாம அவரே கொண்டுபோய் மிஷின்ல வெச்சிருக்கார். ஒண்ணுமில்லன்னு வந்ததும்தான் என்கிட்ட சொன்னார். பாத்தியா, உன் சக்களத்தி என்னைக் காப்பாத்திட்டான்னு கிண்டல் வேற.

ஆமா தம்பி. உங்க சாரோடதுதான். இந்தா, இதுதான்.

இன்னும் புள்ளி வெக்கல. பேனாவை எடுக்கிறேன், கை வரமாட்டேங்குது.

எந்திரிங்க. இப்பவே அறுத்து எடுத்தா பொழைச்சுக்குவார், அழுதுட்டு நிக்க நேரமில்ல. போய் அவரை மேல அனுப்புங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க, வரமாட்டார். மிஷின் மக்கர் பண்ணுதுன்னு சொல்லுங்க. அதுக்குன்னா ஓடி வருவார்.