கண்ணுக்கு மணியாயிடுச்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் திடீரென்று எழுந்து நின்றாள்.

"கண்டக்டரே, இவரு கண்ணுக்கு மணியாயிடுச்சி. பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்துங்க."

பக்கத்தில் அவள் கணவன், ஒரு கண்ணில் கட்டோடு. தறிக் கம்பி தெறித்துக் கண்ணைக் கிழித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அன்றுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"மணிக்கொருதரம் மருந்து வுடணும். சீழ் புடிச்சா கண்ணே போயிடும்னு டாக்டர் சொன்னாரு. ஓடற பஸ்ஸுல சொட்டு எங்கியோ வுழுது."

"வூட்டுக்குப் போயி வுட்டுக்கலாம், குந்து. ஜனங்க பாக்கறாங்க" என்றான் கணவன்.

"பாக்கட்டும்."

"தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா ஆறிடும்மா" என்றாள் என் பக்கத்திலிருந்த அம்மாள்.

"வேணாங்கா. டாக்டர் குடுத்ததைத் தவிர எதையும் வுடக்கூடாதாம்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஓரமாக நின்றது. அந்த அம்மாளே பாட்டில் தண்ணீரை ஊற்ற, அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"தூசி வருது, ஜன்னலை மூடுங்கப்பா" என்றார் கண்டக்டர். எல்லோரும் மூடினார்கள்.

கட்டை விலக்கி மருந்தை விட்டாள்.

"எதனா தெரியுதாய்யா?" என்று குனிந்து பார்த்தாள்.

"மங்கலாத் தெரியுது. யாரோ ஒரு அழகான பொம்பள குனிஞ்சி பாத்துகினு இருக்கா."

"அப்ப கண்ணு இன்னும் சரியாவல" என்று கட்டைத் திரும்பப் போட்டாள். "போலாங்க கண்டக்டரே."