எதிரொலிக்கு இருபத்தாறு கம்பளி

எனக்கு ராகம் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா, தாளமும் வராது. “றோலண்ட், நீங்க மனசுக்குள்ளயே பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்” என்று மாதா கோயில் சாமியாரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவன் கிராமபோன் வாங்கினால் தோட்டமே சிரிக்கும். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளாக்கர். ஸ்டோருக்குப் பின்னால் எனக்கென்று ஒரு பலகைக் குடில். பத்தடிக்குப் பத்தடி, மேலே தகரக் கூரை. இசைத்தட்டைப் போட்டால் வயலின் நாலு சுவரிலும் முட்டி, தகரத்தில் அடிபட்டு, தலைவலியாகத் திரும்பி வரும். அதற்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வழி இருந்தது. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்த வேண்டும். தடித்த கம்பளியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிட வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொன்றாக வருஷா வருஷம் தோட்டம் கொடுக்கிற கறுப்புக் கம்பளிகள் என் ஸ்டோரில்தான் கட்டுக்கட்டாக இருந்தன. இருபத்துநாலு எடுத்துத் தொங்கவிட்டேன். இந்த வருஷக் கம்பளி ஹட்டனிலிருந்து இன்னும் வரவில்லை என்று ஆட்களிடம் சொன்னேன்.

கம்பளி போர்த்திய ஆட்கள் அறை நிறைய உட்கார்ந்தாலும் அதே பலன்தான் என்று அந்தப் பத்திரிகையிலேயே போட்டிருந்தது. அதையும் யோசித்தேன். ஆனால் ஆட்கள் இருமுவார்கள்.

இருமல்தான் எனக்குப் பெரிய தொல்லை. குடிலை ஒட்டினாற்போல லயத்தின் முதல் காம்பரா, ஒற்றை அறை வீடு. அதில் கொழுந்தெடுக்கும் ராக்காயியும் அவள் புருஷன் அழகுமுத்துவும் இருந்தார்கள். ஆடி மழையில் அழகுமுத்து படுத்துவிட்டான். ராக்காயி ஸ்டோருக்கு வந்து நின்றாள்.

“அவருக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கிச்சுங்கய்யா. சாக்கத்தான் போத்திவிட்டிருக்கேன். பழசா இருந்தாலும் ஒரு கம்பளி குடுங்கய்யா.”

வந்ததும் முதலில் உனக்குத்தான் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். நல்லது நினைப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அன்றைக்கே அவர்கள் பக்கத்துச் சுவரில் இன்னும் இரண்டு கம்பளி மாட்டினேன். இருமல் குறைந்தது, போகவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியை வைத்தேன். வயலின் மட்டும் கேட்டது. ஓர் இருமல் இல்லை. நாலு விரல் இடைவெளியின் மகிமை என்று என்னையே மெச்சிக்கொண்டு, இருந்த தட்டுகள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கேட்டு முடித்தேன். கதவைத் திறந்தபோதுதான் ராக்காயியின் ஒப்பாரி கேட்டது. அவள் அழ ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்ததாம்.

கம்பளி இருந்தது, இல்லை என்றேன், அழகுமுத்து செத்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உடனே ஓடிப்போய்ச் சுவரிலிருந்து ஒரு கம்பளியைக் கழற்றிவந்து, நானே என் கையால் பிணத்துக்குப் போர்த்திவிட்டேன். சுவரில் அந்த இடத்தில் இப்போது லேசாக எதிரொலிக்கிறது. பரவாயில்லை, பொறுத்துக்கொள்கிறேன்.