கல்மாவும் மேனேஜரின் வலது கையும்

விருத்தாசலம் மக்களுக்கும் மற்றுமுள்ள உலகத்தாருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், கல்மாவுக்கு ரோஷம் உண்டு. பீங்கானுக்கு அரைத்த வெள்ளைக்கல் மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, மெல்லக் கையை விடுங்கள், பாலாய் வழிவிடும். ஓங்கிக் குத்துங்கள், கல்லாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இது எங்கள் பட்டறையில் தொட்டி கழுவும் பெண்களுக்கே தெரியும். மேனேஜர் சக்கரபாணிக்கு, 1971-ல் நான் சொல்லித்தான் தெரியும். என்னை அவர் "ஏய் ஃபிட்டரு" என்றே கூப்பிடுவார்.

ஓடு அழுத்தும் பிரஸ்ஸின் மேல்தட்டு சில நேரம் நழுவி விழுந்து விரல்களை வாங்கிவிடும். தட்டோடு ஏறி இறங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய்க்குப் பதில் கல்மாவுக் கரைசலை ஊற்றினேன். தட்டு சடாரென விழுந்தால் கரைசல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பலித்தது.

மறுவாரம் மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பந்தல், மாலை, மைக். "எனது ஈராண்டு ஆராய்ச்சி" என்றார் மேனேஜர். நான் சோடாக் கூடையருகே நின்றேன்.

"உம் பேரச் சொல்லுவாருன்னு பாத்தியா? அது அவரு வாயில நுழையாதுப்பா," என்றார் லாரி டிரைவர் நடராசன்.

மேனேஜர் தட்டுக்கடியில் வலது கையை வைத்து, தட்டை விடச் சொன்னார். கைக்கு நான்கு விரற்கடை மேலே அது நின்றது. கைதட்டல். கையை எடுக்காமலே பேசத் தொடங்கினார்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். சடாரென்றால்தான் கரைசல் இறுகும். நின்றபின் இளகி, தட்டு தன் எடையில் மெல்ல மெல்ல இறங்கும். பேச்சு சுருக்கமாக இருந்திருந்தால் ஒன்றுமில்லை. "மாண்புமிகு" வரிசை முடிவதற்குள் தட்டு தோலைத் தொட்டுவிட்டது. அதிகாரிகள் எதிரில் கையை இழுத்தால் ஆராய்ச்சிக்கு இழுக்கு. சிரித்தபடி தொடர்ந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

எட்டுப் பேர் கடப்பாரை போட்டு வெடுக்கென்று நெம்பினார்கள். வெடுக்கென்றால் மேலே போகும்போதும் இறுகும். நெம்ப நெம்பப் பிடி அசையவில்லை. மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். யாருக்கும் அது தோன்றவில்லை. ஆளாளுக்கு அவசரம்.

"கொளஞ்சியப்பா," என்றார் மேனேஜர். "நீ செஞ்சதுதானய்யா இது. எப்படி எடுக்கறதுன்னு சொல்லுய்யா."

மைக் அவர் வாயருகேதான் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

இன்னொரு தரம் சொல்லட்டும் என்று நின்றேன்.